நடுமேடைக்கு மேலே சிம்னி: தளம் வார்க்கும் முன்பே குழாய்க்கு வழி விடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் ஞாயிறு இணைப்பில் ஐலண்ட் எனப்படும் நடுமேடை வைத்த சமையலறைகளைப் பற்றிய கட்டுரையைப் படித்தோம். கிரானைட்டின் நிறம், தொங்கும் விளக்கு, உயர நாற்காலி எல்லாம் விரிவாக வந்திருந்தன. அடுப்பையும் நடுமேடையிலேயே வைத்துவிட்டால் தாளிப்புப் புகை எந்த வழியாக வெளியே போகும் என்ற கேள்வி மட்டும் விடுபட்டிருக்கிறது. மொரிசியஸில் சமையலறை பொருத்தும் வேலையில் இருப்பவர்கள் நாங்கள். இந்த ஒரு கேள்வியைக் கடைசியில் கேட்பதால்தான் இங்கே பல வீடுகளில் விலை உயர்ந்த சிம்னி வெறும் விளக்காக எரிந்துகொண்டிருக்கிறது. அதனால் சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

இங்கே கூரை என்றால் பெரும்பாலும் கான்கிரீட் தளம்தான். 1960-இல் அலிக்ஸ், கேரல் என்ற இரண்டு புயல்கள் அடுத்தடுத்து வந்து மர வீடுகளையும் தகர வீடுகளையும் சாய்த்துப் போட்ட பிறகு, தீவு முழுக்கக் கான்கிரீட் சுவரும் தட்டைத் தளமும் பரவின. சுவரோரச் சிம்னிக்கு இது ஒரு தடையே அல்ல. பின்சுவரில் ஒரு துளை, அரை மீட்டர் குழாய், அவ்வளவுதான். நடுமேடைச் சிம்னிக்குப் பக்கத்தில் சுவர் கிடையாது. தளத்தைத் துளைத்துக்கொண்டு மேலே போக வேண்டும், இல்லாவிட்டால் தளத்துக்கு அடியிலேயே படுத்தவாக்கில் வெளிச்சுவர் வரை ஓட வேண்டும். இதில் எது என்பதைச் சிம்னி வாங்குவதற்கு முன்பு, முடிந்தால் தளம் வார்ப்பதற்கு முன்பு தீர்மானித்தாக வேண்டும்.

நேராக மேலே போவதுதான் காற்றுக்குச் சுகமான வழி. வளைவு இல்லை, நீளம் குறைவு. ஆனால் ரோஸ் ஹில்லிலும் காத்ர் போர்னிலும் எந்தத் தெருவில் நின்று பார்த்தாலும், மொட்டை மாடியில் தூண் கம்பிகள் நீட்டிக்கொண்டிருப்பது தெரியும். பிள்ளைகளுக்குப் பின்னாளில் மாடி எடுப்பதற்காக விட்டு வைத்தவை. அப்படிப்பட்ட வீட்டில் தளத்தின் நடுவே குழாயை ஏற்றினால், மாடி எடுக்கும் நாளில் அது மேல்வீட்டுக் கூடத்தின் நடுவில் வந்து நிற்கும். அப்போது குழாயைத் திருப்பவும் இடமிருக்காது, அடைக்கவும் மனம் வராது. மாடி எடுக்கும் எண்ணம் கொஞ்சமாவது இருந்தால் பக்கவாட்டு வழியைத்தான் எடுக்க வேண்டும் என்று நாங்கள் உறுதியாகச் சொல்கிறோம்.

மாடி வரப்போவதில்லை, தளமும் இன்னும் வார்க்கவில்லை என்றால் வேலை எளிது. வார்க்கும் முன்பே தளத்தில் துளைக்கு இடம் விட வைக்கும் உறைக்குழாய்தான் ஸ்லீவ். 150 மி.மீ. குழாய் நுழைய, 160 மி.மீ. வெளிவிட்டமுள்ள கனத்த பி.வி.சி. ஸ்லீவ் போதாது. அதன் உள்விட்டம் 150-ஐ ஒட்டி நின்று, குழாயின் மடிப்பு இடிக்கும். 200 மி.மீ. ஸ்லீவ் வைத்து, மிஞ்சும் இடைவெளியைப் பிறகு அடைத்துக்கொள்ளலாம். ஸ்லீவைச் சுற்றி நான்கு பக்கமும் கூடுதல் கம்பியும், மூலைகளில் குறுக்குக் கம்பியும் கட்டச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் துளையின் விளிம்பிலிருந்து விரிசல் கிளம்பும். பொறியாளர் வரைபடத்தில் இந்தத் துளை குறிக்கப்பட்டிருக்க வேண்டும், கொத்தனாரிடம் வாய்வார்த்தையாகச் சொன்னால் போதாது. மேலே துளையைச் சுற்றி 15 செ.மீ. உயரத்துக்குக் கான்கிரீட் விளிம்பு எழுப்பி, நீர்க்கசிவுத் தடுப்புப் பூச்சையோ விரிப்பையோ அந்த விளிம்பின் மேல் ஏற்றி மடிக்க வேண்டும். விளிம்பு எழுப்பாமல் குழாயைச் சுற்றி சிலிக்கோன் மட்டும் பூசிய இடங்களில், வெயிலில் அது சுருங்கிப் பிளந்து, அடுத்த மழைக்காலத்தில் சிம்னி வழியாகவே தண்ணீர் சொட்டும். மாடியில் தண்ணீர்த் தொட்டியும் துணி காயப்போடும் கொடியும் எங்கே இருக்கின்றன என்று பார்த்து, அவற்றிலிருந்து விலகியே குழாயை எடுங்கள்.

தளம் ஏற்கெனவே இருந்தால் வட்டமாக அறுத்தெடுக்கும், வைர முனை கொண்ட கோர் இயந்திரத்தால்தான் துளைக்க வேண்டும். உடைப்பு இயந்திரத்தால் அடித்தால் துளையின் அடிப்பக்கம் புனல் போலச் சிதறி, சிம்னியைத் தாங்க வேண்டிய போல்ட்டுகளுக்குப் பிடிமானம் போய்விடும். துளைக்கும் முன் கம்பி கண்டறியும் கருவியால் தளத்தைப் பார்த்து, கம்பிகளுக்கு இடையில் மையத்தை நகர்த்த முடியுமா என்று தேட வேண்டும். 150 மி.மீ. முதல் 200 மி.மீ. இடைவெளியில் கம்பி ஓடும் தளத்தில் ஒரு கம்பியாவது அறுபடும் வாய்ப்பு அதிகம். அதை அறுக்கலாமா என்பதைப் பொறியாளர்தான் சொல்ல வேண்டும். பீமை எந்த நிலையிலும் தொடக் கூடாது. தளத்துக்குள்ளே மின்கம்பிக் குழாய்களும் புதைந்திருக்கும் என்பதை மறந்துவிடக் கூடாது.

வீட்டு வரைபடம் வெளியிடும்போது அடுப்பு நடுமேடையில் இருந்தால் புகைக்குழாயின் பாதை, விட்டம், வெளிவாய் மூன்றையும் அதிலேயே குறித்து வெளியிடுமாறு தங்களைக் கேட்டுக்கொள்கிறோம். வாசகர்கள் அந்தப் படத்தைத்தான் கத்தரித்துக் கட்டுமானக்காரரிடம் காட்டுகிறார்கள்.

பக்கவாட்டு வழிக்கு வருவோம். இங்கே தகராறு செய்வது பீம். தளத்துக்குக் கீழே 30 செ.மீ. முதல் 40 செ.மீ. வரை இறங்கியிருக்கும். நடுமேடைக்கும் வெளிச்சுவருக்கும் இடையில் பீம் குறுக்கிட்டால் குழாய் அதன் அடியில்தான் போக வேண்டும், ஃபால்ஸ் சீலிங்கும் அந்த அளவுக்கு இறங்கும். ஆகையால் பீமுக்கு இணையாக ஓடும் பாதையை முதலில் தேடுங்கள். அது சற்று நீளமாக இருந்தாலும் பரவாயில்லை. வட்டக் குழாய் 150 மி.மீ. என்றால், சட்டமும் பலகையும் சேர்த்து சீலிங் 20 செ.மீ.க்குக் குறையாமல் இறங்கும். 220-க்கு 90 மி.மீ. தட்டைக் குழாய் போட்டால் 13 செ.மீ.யில் முடிக்கலாம். பரப்பு ஏறத்தாழ ஒன்றே, தடை சற்றுக் கூடும்.

குழாயின் விட்டத்தில் மட்டும் யாருக்கும் விட்டுக்கொடுக்காதீர்கள். மணிக்கு 600 கன மீட்டர் காற்றை 150 மி.மீ. குழாயில் அனுப்பினால் அது நொடிக்கு 9.4 மீட்டர் வேகத்தில் போகும். அதே காற்று 125 மி.மீ. குழாயில் 13.6 மீட்டர், 100 மி.மீ. குழாயில் 21 மீட்டர். வேகம் கூடுவதற்கேற்ற அளவில் தடை கூடுவதில்லை, அதைவிட வெகு வேகமாக ஏறுகிறது. 125-க்குக் குறைத்தால் தடை சுமார் இரண்டரை மடங்கு, 100-க்குக் குறைத்தால் ஏழு மடங்குக்கும் மேல். மோட்டாரால் அந்த அளவுக்குத் தள்ள முடியாது. சத்தம் மட்டும் ஏறும், புகை அடுப்படியிலேயே சுற்றும். "சிம்னி சத்தம் போடுகிறது, இழுக்க மாட்டேன் என்கிறது" என்று வரும் புகார்களில் முதலில் பார்க்க வேண்டியது குழாயைத்தான். பெட்டியோடு கொடுக்கப்படும் 150-இலிருந்து 125-க்கு இறக்கும் வளையத்தைப் பார்த்ததும் பொருத்திவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். 150 மி.மீ. குழாய் போட்ட வீட்டில் அந்த வளையம் பெட்டியிலேயே கிடக்கட்டும்.

ஒவ்வொரு 90 பாகை வளைவும் ஒன்றரை முதல் மூன்று மீட்டர் நேர்க்குழாய் அளவுக்குத் தடை தரும். அதனால் மொத்த நீளம் ஐந்து மீட்டர், வளைவு இரண்டு என்ற எல்லைக்குள் நில்லுங்கள். 90 பாகை ஒன்றுக்குப் பதில் இரண்டு 45 பாகை வளைவுகளை இடைவெளி விட்டுப் போடுவது நல்லது. மோட்டாரின் வாயிலிருந்து முதல் வளைவு வரை 45 செ.மீ.யாவது நேராகப் போகட்டும். வாயை ஒட்டி வளைத்தால் காற்று சுழன்று, வெளிக்காற்று திரும்பி வராமல் தடுக்கும் மடல் படபடக்கும். சுருக்கி நீட்டும் அலுமினியக் குழாயை மூலைமுடுக்கில் மட்டும், அதுவும் முழுக்க இழுத்து நீட்டித்தான் பயன்படுத்த வேண்டும். சுருக்கத்தோடு விட்டால் ஒவ்வொரு மடிப்பிலும் எண்ணெய் தங்கும். நீண்ட ஓட்டத்துக்கு உட்பக்கம் வழவழப்பான தகரக் குழாயே சரி. இணைப்புகளை அலுமினிய டேப்பால் சுற்றுங்கள், துணி டேப்பின் பசை சூட்டில் இளகிவிடும். திருகு போட்டால் உள்ளே நீட்டாத குட்டைத் திருகாக இருக்கட்டும். படுத்த குழாய் வெளிப்பக்கம் நோக்கி மீட்டருக்கு ஒன்று முதல் இரண்டு செ.மீ. சரிய வேண்டும். கியூர்பிப், வாக்வா போன்ற ஈரமான மேட்டுப் பகுதிகளில் குளிர்காலத்தில் ஆவி குழாய்க்குள்ளேயே நீராகும். சரிவு தலைகீழானால் அந்த எண்ணெய்த் தண்ணீர் குழம்புச் சட்டியில்தான் விழும். அங்கே குழாயின் மேல் 25 மி.மீ. கண்ணாடிக் கம்பளி சுற்றுவது வீண் செலவு ஆகாது.

வெளிவாய் எந்தத் திசையில் இருக்கிறது என்பதும் இந்தத் தீவில் முக்கியம். ஆண்டின் பெரும்பகுதி தென்கிழக்கிலிருந்து காற்று வீசுகிறது, குளிர்காலத்தில் இன்னும் பலமாக. தென்கிழக்குச் சுவரில் வாய் வைத்தால் சிம்னி காற்றோடு மல்லுக்கட்டும். நிறுத்தியிருக்கும் நேரத்திலும் மடல் இரவெல்லாம் தட்டிக்கொண்டிருக்கும். வடக்கு அல்லது மேற்குச் சுவர் கிடைக்குமானால் குழாய் ஒரு மீட்டர் கூடினாலும் அதையே எடுங்கள். வெளிவாயில் கொசுவலை அடிக்காதீர்கள், எண்ணெய்ப் பிசுக்கு படிந்து சில மாதங்களில் அது கதவாகவே மூடிவிடும். தானாகத் திறந்து மூடும் மடல் போதும். பறவை நுழையாமல் இருக்கப் பெரிய கண் வலை போடலாம். ஃபிளிக்-ஆன்-ஃபிளாக், மாயேபூர் போன்ற கடலோர ஊர்களில் சாதாரணத் தகர மூடி விரைவில் துருப்பிடிக்கும். 316 ரக எவர்சில்வர் அல்லது வெயில் தாங்கும் பிளாஸ்டிக் வாங்குங்கள். சிம்னியின் உடலுக்கும் 430-ஐவிட 304 நல்லது. கடையில் காந்தத்தை வைத்துப் பாருங்கள். நன்றாக ஒட்டிக்கொண்டால் 430, ஒட்டாமல் நழுவினால் 304.

புயலுக்கு வெளிவாயில் திருகி மூடும் தகடு ஒன்று வேண்டும். மடல் மழையைத் தடுக்கும், பக்கவாட்டில் அடிக்கும் புயல் மழையைத் தடுக்காது. புயல் நெருங்க நெருங்க எண் கூடும் எச்சரிக்கையில் இரண்டாம் வகுப்பு வந்ததும் மூடிவிடுங்கள். மூன்றாம் வகுப்பு வரும்போது ஏணியில் ஏறுவது ஆபத்து. புயல் கடந்ததும் தகட்டைக் கழற்ற மறக்காமல் இருக்க, சிம்னியின் சுவிட்சில் ஒரு சீட்டு ஒட்டி வையுங்கள். மூடிய குழாயோடு ஓட்டினால் மோட்டார் சூடேறிக் கெடும்.

இனிச் சிம்னியின் அளவு. சுவர் இல்லாததால் நான்கு பக்கமும் காற்று புகையைக் கலைக்கும். அதனால் சிம்னி அடுப்பைவிட ஒவ்வொரு பக்கமும் 8 செ.மீ.யாவது அகலமாக இருக்க வேண்டும். 60 செ.மீ. அடுப்புக்கு 90, 90 செ.மீ. அடுப்புக்கு 120 என்று எடுத்துக்கொள்ளலாம். இழுவைக்குக் கணக்கு எளியது. சமையலறையின் நீளம் 5 மீட்டர், அகலம் 4, உயரம் 2.8 என்றால் 56 கன மீட்டர். மணிக்குப் பத்து முதல் பன்னிரண்டு முறை காற்று மாற வேண்டும் என்றால் 560 முதல் 670 கன மீட்டர். நடுமேடைக்காக இன்னும் கால் பங்கு சேர்த்து 700 முதல் 850 வரை பாருங்கள். பெட்டியில் அச்சிட்டிருக்கும் எண் குழாயின் தடை இல்லாத நிலையில் எடுத்தது என்பதால் கொஞ்சம் கூடவே வாங்குவதில் தவறில்லை. சீலிங் ஃபேன் நடுமேடைக்கு அருகில் சுழன்றால் எந்தக் கணக்கும் உதவாது. சமைக்கும்போது அதை நிறுத்துங்கள், அல்லது ஃபேனையே உணவு மேசைப் பக்கம் நகர்த்துங்கள்.

உயரம்: கேஸ் அடுப்பின் பாத்திரத் தாங்கிக்கு மேல் குறைந்தது 65 செ.மீ., பல நிறுவனங்கள் 75 கேட்கின்றன. அடுப்பின் கையேடு ஒன்று சொல்லி, சிம்னியின் கையேடு வேறொன்று சொன்னால் பெரிய எண்ணையே கொள்ளுங்கள். 90 செ.மீ.யைத் தாண்டினால் இழுவை நன்றாகக் குறையும். மேடை 90, இடைவெளி 70, ஆக சிம்னியின் அடி விளிம்பு தரையிலிருந்து 160 செ.மீ.யில் நிற்கும். 2.8 மீட்டர் கூரையில் உடலுக்கும் அலங்கார உறைக்கும் 120 செ.மீ. மிஞ்சும். சீலிங் 15 செ.மீ. இறங்கியிருந்தால் 105 தான். உறை எவ்வளவு நீளும், எவ்வளவு சுருங்கும் என்று வாங்கும் முன்பே பாருங்கள். உயரமான கூரைக்குத் தனி நீட்டுறை வாங்க வேண்டியிருக்கும்.

தொங்கவிடும் வேலையில் மையம்தான் முதல் காரியம். மேடையின் மையத்தைப் பிடிக்காதீர்கள், அடுப்பின் மையத்தைப் பிடியுங்கள். உட்காரும் பக்கத்துக்கு மேடையை நீட்டியிருந்தால் இரண்டும் ஒன்றாக இருக்காது. தூக்குக்குண்டைத் தளத்திலிருந்து தொங்கவிட்டு அடுப்பின் மையத்தில் நிறுத்திக் குறியுங்கள். துளையிடும் இடங்களைக் காட்டும் காகித அச்சைத் தளத்தில் ஒட்டும்போது சுவிட்சுகள் சமைப்பவர் பக்கம் வருமாறு அம்புக்குறி இருக்கிறதா என்று பாருங்கள். அதைத் தவறவிட்டால் சுவிட்சு விருந்தினர் பக்கம் போய்விடும், எல்லாவற்றையும் இறக்கித்தான் திருப்ப முடியும். மேலே நேராகக் குழாய் போகும் வீட்டில் துளை மையத்திலிருந்து மூன்று செ.மீ. விலகினாலும் ஒரு பக்கத்து போல்ட் துளை விளிம்புக்கு நெருங்கிக் கான்கிரீட் தெறிக்கும்.

சிம்னி 25 முதல் 40 கிலோ வரை எடை இருக்கும். நான்கு எஃகு விரிவு போல்ட்டுகள், 8 மி.மீ. கனம், கான்கிரீட்டுக்குள் குறைந்தது 50 மி.மீ. ஆழம். மேலே பூசியிருக்கும் சிமெண்டுப் பூச்சை இந்த ஆழத்தில் சேர்க்கக் கூடாது. துளையை 10 மி.மீ. கூடுதல் ஆழத்துக்குப் போட்டு, தூசியை ஊதி வெளியேற்றிய பிறகே போல்ட்டை அடியுங்கள். தூசி இருந்தால் போல்ட் முறுக்கும்போது சுழலும். கம்பியில் டிரில் முட்டினால் கம்பியைக் குடையாமல் தாங்கியை இரண்டு செ.மீ. நகர்த்துங்கள். சுவருக்குப் போடும் நைலான் பிளக்கைத் தலைக்கு மேல் தொங்கும் பாரத்துக்குப் போடவே கூடாது. ஃபால்ஸ் சீலிங்கின் பலகையிலோ அதன் சட்டத்திலோ சிம்னியை மாட்டவும் கூடாது. தளத்திலிருந்து 8 மி.மீ. மரைக்கம்பிகளை இறக்கி, பலகைக்கு மேலே ஓர் இரும்புச் சட்டம் தொங்கவிட்டு, அதற்குக் குறுக்குத் தாங்கலும் கொடுக்க வேண்டும். தாங்கல் இல்லாவிட்டால் ஒவ்வொரு முறை வடிகட்டியைக் கழற்றும்போதும் சிம்னி ஆடும், ஆட ஆட சீலிங்கில் விரிசல் வரும்.

உடலைத் தூக்க இருவர், திருக ஒருவர். அடுப்பின் கண்ணாடிமேல் தடித்த பிளைவுட் போட்டு மூடுங்கள். எவர்சில்வரின் பாதுகாப்புத் தாளை மாட்டும் முன்பே உரித்துவிடுங்கள், பிறகு விளிம்புகளில் சிக்கிக்கொள்ளும். மின்வேலை சிறிதுதான். 230 வோல்ட், எர்த் இணைப்போடு தனிக் கம்பி, உருகி 3 ஆம்பியர், கைக்கு எட்டும் இடத்தில் சுவிட்ச். மின்கம்பிக் குழாயைத் தளத்தில் குறித்த சிம்னி மையத்திலிருந்து 12 செ.மீ. தள்ளி இறக்கச் சொல்லுங்கள், மையத்தில் இறக்கினால் புகைக்குழாயோடு மோதும்.

ஓர் ஆபத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். வீட்டுக்குள்ளேயே கேஸ் வாட்டர் ஹீட்டர் வைத்திருக்கும் வீடுகள் இங்கே உண்டு. கதவு சன்னல் எல்லாம் மூடி, மணிக்கு 700 கன மீட்டர் காற்றைச் சிம்னி வெளியே தள்ளினால், ஹீட்டரின் புகைக்குழாய் வழியாகவே காற்று உள்ளே இழுக்கப்படலாம். அதனோடு கார்பன் மோனாக்சைடும் வரும். அதற்கு வாசனை இல்லை, ஆளைக் கொல்லும். ஹீட்டரை வெளிச்சுவருக்கு மாற்றுங்கள். மாற்றும் வரை சிம்னி ஓடும்போது சன்னல் திறந்திருக்கட்டும். அந்தச் சன்னல் அடுப்பை ஒட்டியதாக இல்லாமல் அறையின் மறுகோடியில் இருந்தால் புகையும் கலையாது. ஹீட்டரின் குழாயோடு சிம்னிக் குழாயை எக்காரணத்துக்காகவும் சேர்க்காதீர்கள். சீலிங்குக்கு மேலே வெற்றிடத்தில் குழாயை விட்டுவிடுவதும் கூடாது. எண்ணெய்ப் புகை அங்கே படிந்து தீப்பிடிக்கக் காத்திருக்கும்.

பொருத்தி முடித்ததும் அடுப்பின் நான்கு மூலைகளிலும் ஊதுபத்தியைப் பிடித்து, குறைந்த வேகத்தில் ஓட்டிப் பாருங்கள். நான்கு மூலைப் புகையும் உள்ளே போக வேண்டும். ஒரு மூலையில் மட்டும் விலகினால் குறுக்குக்காற்று இருக்கிறது என்று பொருள். எல்லா மூலையிலும் தயங்கினால் கோளாறு குழாயில். வெளியே ஒருவரை நிறுத்தி மடல் முழுக்கத் திறக்கிறதா என்றும் பார்க்கச் சொல்லுங்கள்.

குழாய்க்கு வழியே இல்லாத அடுக்குமாடி வீடுகளில் கரி வடிகட்டி போட்டுக் காற்றைச் சுற்றவிடும் முறையைக் கடைக்காரர்கள் சொல்வார்கள். கரி வாசனையை ஓரளவு பிடிக்கும். ஆவியையும் சூட்டையும் பிடிக்காது, மூன்று முதல் ஆறு மாதத்தில் மாற்றவும் வேண்டும். கருவாடு வறுக்கிற, பண்டிகைக்கு ஏழு கறி வைக்கிற வீட்டுக்கு அது போதாது. அப்படிப்பட்ட வீட்டில் அடுப்பைச் சுவரோரத்துக்கு மாற்றி, நடுமேடையைக் காய் நறுக்கவும் பரிமாறவும் வைத்துக்கொள்வதே எங்கள் பரிந்துரை. மேடைக்குள் புகையைக் கீழே இழுக்கும் அடுப்புகளும் வந்திருக்கின்றன. தோசைக்கல்லுக்கு அவை சரிவரும், உயரமான பாத்திரத்தின் ஆவி அந்த இழுவைக்கு எட்டாது.

பராமரிப்பு சிறு வேலை. சமைக்கத் தொடங்கும் ஐந்து நிமிடம் முன்பே போட்டு, முடித்த பின் பத்துப் பதினைந்து நிமிடம் ஓடவிடுங்கள். உலோக வடிகட்டியை மாதம் ஒருமுறை, பொரியல் அதிகமுள்ள வீட்டில் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை, சுடுநீரில் சோப்புக் கரைத்து ஊறவைத்துக் கழுவுங்கள். நன்றாக உலர்ந்த பிறகு மாட்டுங்கள். நவம்பரில் புயல் பருவம் தொடங்கும் முன் வெளிவாயின் மடலையும் மூடும் தகட்டின் திருகுகளையும் ஒருமுறை துடைத்து எண்ணெய் விடுங்கள்.

இப்படிக்கு,
சமையலறைப் பொருத்துநர்கள்,
காத்ர் போர்ன், மொரிசியஸ்